வீட்டில் செய்த சிஎன்சியைப் பெரிதாக்குவது: ராடை நீட்டவா, புதிதாகவே கட்டவா?

உளிமுனை:
வணக்கம் நண்பர்களே. நான் கட்டிய சிஎன்சி ரௌட்டர் (கணினிக் கட்டளைப்படி மரம் வெட்டும் இயந்திரம்) நன்றாகவே ஓடுகிறது. வெட்டும் பரப்பு 300 × 400 மி.மீ. சட்டம் முழுக்க எம்டிஎஃப் (மர இழையை அழுத்திச் செய்த பலகை). எக்ஸ் (அகலவாட்டம்), ஒய் (நீளவாட்டம்) இரண்டிலும் 16 மி.மீ. உருண்டை ராடு, முனைகளில் மட்டும் பிடிமானம். கேன்ட்ரியில், அதாவது கட்டரைத் தாங்கி மேசைக்குக் குறுக்கே நிற்கும் பாலத்தில், ராடின் தாங்கலில்லாத நீளம் 450 மி.மீ. நகர்த்த 8 மி.மீ. தடிமனுள்ள டி8 லீட் ஸ்க்ரூ (சுற்றினால் தள்ளும் மரைக் கம்பி), நெமா 17 ஸ்டெப்பர் மோட்டார் (ஒவ்வொரு மின் துடிப்புக்கும் ஒரு சிறு படி சுற்றுவது), கட்டுப்படுத்த ஆர்டுயினோ ஊனோ பலகையில் ஜிஆர்பிஎல் மென்பொருள். ஸ்பிண்டிலுக்கு (கட்டரைச் சுற்றும் மோட்டார்) பதில் ஒரு சிறிய கைரௌட்டர்.

பெயர்ப்பலகை, சின்னப் பெட்டி எல்லாம் இதில் போதும். இப்போது அலமாரிக் கதவு, மேசைப் பலகை என்று வேலை பெரிதாகிக்கொண்டே போகிறது. மூன்று வழி யோசித்திருக்கிறேன்.

ஒன்று, இதே வடிவமைப்பில் ராடையும் ஸ்க்ரூவையும் மட்டும் நீளமாக மாற்றுவது. இரண்டு, அலுமினியம் எக்ஸ்ட்ரூஷனில் வீல் வைத்து பெல்ட்டில் ஓட்டுவது. மூன்று, இரும்புச் சட்டம் வெல்டு செய்து 8 × 4 அடி ஷீட்டையே படுக்க வைக்கும் அளவுக்குக் கட்டுவது. முதல் வழிதான் எனக்குச் சுலபமாகத் தெரிகிறது. உங்கள் கருத்து?

சுருள்சீவல்:
எந்த வழி என்பதற்கு முன்னால் சில விஷயம் சொல்லுங்கள். நீங்கள் வெட்டப்போகும் மிகப்பெரிய துண்டின் அளவு என்ன? ஷீட் அளவைக் கேட்கவில்லை, முடிந்த துண்டைக் கேட்கிறேன். மரம் மட்டுமா, அலுமினியமும் உண்டா? இயந்திரத்தைச் சுற்றி நடக்க இடம் இருக்கிறதா? பலர் ஷீட் அளவை மனதில் வைத்துத் தொடங்கி, கடைசியில் அதன் ஒரு மூலையில் மட்டும் வேலை செய்கிறார்கள்.

மில்லிமீட்டர்:
முதல் வழியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். காரணம் கணக்கில் இருக்கிறது.

முனைகளில் மட்டும் தாங்கிய ராடு நடுவில் எவ்வளவு வளையும் என்பது நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. உங்கள் ராடையே எடுத்துக்கொள்வோம். இரண்டு 16 மி.மீ. இரும்பு ராடு, நடுவில் 100 நியூட்டன் விசை, அதாவது ஏறக்குறைய 10 கிலோ எடை. 450 மி.மீ. நீளத்தில் சுமார் 0.15 மி.மீ. வளையும். 900 மி.மீ. ஆக்கினால் 1.2 மி.மீ. 1400 மி.மீ. ஆக்கினால் 4.4 மி.மீ. இதில் ராடின் சொந்த எடையையும் ஸ்பிண்டிலின் எடையையும் நான் சேர்க்கவே இல்லை.

0.15 மி.மீ. வளைவோடு பெயர்ப்பலகை செதுக்கலாம். 4 மி.மீ. வளைகிற ஒன்றில் வெட்டு ஆழம் என்பதற்கே அர்த்தம் இல்லை. கட்டர் மரத்தில் இறங்கியதும் கேன்ட்ரி மேலே எழும்பும், பிறகு திடீரென்று உள்ளே இழுக்கும், பிட் முறியும்.

உளிமுனை:
விரிவான கணக்குக்கு நன்றி. சுருள்சீவல் கேட்டதற்கு: மிகப்பெரிய துண்டு 1200 × 600 மி.மீ. கதவு. ப்ளைவுட், எம்டிஎஃப், கொஞ்சம் திட மரம். அலுமினியம் எப்போதாவது சின்னத் தகடு. சுவரோரம் வைத்தால் மூன்று பக்கம் நடக்க இடம் உண்டு, நான்கு பக்கமும் கிடையாது.

ராடை 25 மி.மீ. தடிமனுக்கு மாற்றினால் போதாதா?

மில்லிமீட்டர்:
தடிமன் கை கொடுக்கும், விறைப்பு விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏறும். 16-லிருந்து 25-க்குப் போனால் ஏறக்குறைய ஆறு மடங்கு விறைப்பு. ஆனால் 450-லிருந்து 1400-க்கு நீட்டும்போது முப்பது மடங்கு இழக்கிறீர்கள். இந்தப் போட்டியில் ராடு ஜெயிக்காது. கீழே முழு நீளமும் தாங்கல் உள்ள ரெயிலுக்குப் போங்கள். எஸ்பிஆர் வகை உருண்டை ரெயிலாக இருந்தாலும் சரி, எச்ஜிஆர் வகைச் சதுர ரெயிலாக இருந்தாலும் சரி, அதற்கு அடியில் ஒரு கனமான சட்டம் வேண்டும். அப்போது வளைவைத் தாங்குவது சட்டம். ரெயிலின் வேலை வழிகாட்டுவது மட்டும்.

இன்னொன்று, ஸ்க்ரூ. இதைப் பலர் கவனிப்பதில்லை. நீளமான ஸ்க்ரூ ஒரு வேகத்துக்கு மேல் சுற்றினால் ஸ்கிப்பிங் கயிறு மாதிரி வில்லாக வளைந்து அடிக்க ஆரம்பிக்கும். அந்த வரம்பு நீளத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. ஒரு முனை இறுக்கமாகவும் மறுமுனை பேரிங்கில் தாங்கலாகவும் இருப்பதாக வைத்துக்கொண்டால், 1500 மி.மீ. நீளமுள்ள டி8 ஸ்க்ரூ சுமார் 400 ஆர்பிஎம் தாண்டக்கூடாது. ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகரும் வகை என்றால் நிமிடத்துக்கு 0.8 மீட்டர்தான்.

மெதுவாக ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். 18,000 ஆர்பிஎம், இரண்டு பல் கட்டர், ஒரு பல்லுக்கு 0.1 மி.மீ. சீவல் என்றால் ஃபீடு, அதாவது கட்டர் முன்னேறும் வேகம், நிமிடத்துக்கு 3600 மி.மீ. வர வேண்டும். அதே சுற்றில் 800-இல் ஓட்டினால் பல் சீவாமல் தேய்க்கும். மரம் கருகும், கட்டர் முனை சூடேறி மழுங்கும். ஆக, மெதுவான இயந்திரம் மரத்தையும் கட்டரையும் சேர்த்துக் கெடுக்கிறது.

நீலத்தீப்பொறி:
அப்படியானால் நேராக மூன்றாவது வழிக்கே வாருங்கள். பயப்பட ஒன்றும் இல்லை.

80 × 80 மி.மீ., 4 மி.மீ. சுவர் கொண்ட இரும்பு பாக்ஸ் ட்யூபைக் கேன்ட்ரியாகப் போட்டால், 1500 மி.மீ. நீளத்திலும் அதே 100 நியூட்டனுக்கு 0.03 மி.மீ. தான் வளையும். மில்லிமீட்டர் கணக்குப் போட்டுச் சரிபார்க்கட்டும். எடை மீட்டருக்கு ஒன்பதரை கிலோ. கேன்ட்ரி கனமாகிவிடும், மோட்டார் தள்ளாது என்று பயமுறுத்துவார்கள். 30 கிலோ கேன்ட்ரிக்கு விநாடிக்கு விநாடி ஒரு மீட்டர் முடுக்கம் கொடுக்க 30 நியூட்டன் போதும். 5 மி.மீ. லீட் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) உள்ள பால் ஸ்க்ரூவில் (குண்டுகள் மேல் உருளும் ஸ்க்ரூ) 1 நியூட்டன் மீட்டர் முறுக்கு ஆயிரம் நியூட்டனுக்கு மேல் தள்ளும். ஆக எடை ஒரு பிரச்சினையே இல்லை. உண்மையில் கனமாக இருந்தால் அதிர்வு குறையும், வெட்டு முகம் வழவழப்பாக வரும்.

முழு ஷீட் இயந்திரம் இருந்தால் ஷீட்டைத் தூக்கிப்போட்டுக் கதவு, தட்டு, பின்பலகை எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி ஒரே ஓட்டத்தில் வெட்டலாம். கழிவும் குறையும். ஒரு முறை கட்டுவதைப் பெரிதாகவே கட்டுங்கள்.

மில்லிமீட்டர்:
கணக்கு சரிதான், 0.03 மி.மீ. வருகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். அந்த ட்யூப் நான்கு பக்கமும் மூடியே இருக்க வேண்டும். மோட்டார் வைக்க, வயர் ஓட்ட என்று நீளவாக்கில் ஒரு பக்கத்தைத் திறந்து சேனல் மாதிரி ஆக்கினால் முறுக்கைத் தாங்கும் விறைப்பு நூற்றுக்கணக்கான மடங்கு குறைந்துவிடும். கட்டர் முனை சட்டத்துக்கு 150 மி.மீ. கீழே தொங்குவதால் வெட்டு விசை சட்டத்தை வளைப்பதோடு நிற்காமல் முறுக்கவும் செய்கிறது. வயருக்குச் சின்ன ஓட்டை போடுங்கள், நீளமான வாய் வெட்டாதீர்கள்.

பழைய_லேத்:
தம்பி உளிமுனை, எல்லோரும் நல்ல விஷயம்தான் சொல்கிறார்கள். நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன்.

பெரிதாக்குவது என்றால் இரண்டு திசையையும் ஒரே விகிதத்தில் நீட்டுவது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். அது தேவையில்லை. எக்ஸும் ஒய்யும் ஒன்றல்ல. ஒய் ரெயில் தரையில் நிற்கும் சட்டத்தின் மேல் முழு நீளமும் உட்கார்ந்திருக்கிறது. அதை நீட்டினால் அடியில் இன்னும் இரண்டு கால் வைத்தால் போதும், விறைப்பு குறையாது. எக்ஸ் அந்தரத்தில் நிற்கிறது. அதன் நீளம் கூடக் கூட வளைவு, முறுக்கு, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுக்கொன்று முந்தும் கோணல் எல்லாம் கூடுகிறது. அதனால் நீளத்தை ஒய்யில் போடுங்கள், கேன்ட்ரியைக் குட்டையாக வையுங்கள்.

உங்கள் துண்டு 1200 × 600. ஒய் பயணம் 1300, எக்ஸ் பயணம் 650 வைத்தால் கதவு முழுதாக உள்ளே வரும். கேன்ட்ரியின் நீளம் 850 சுற்றி வரும். நண்பர் சொன்ன அதே 80 × 80 ட்யூபை இந்த நீளத்தில் போட்டால் வளைவு 0.005 மி.மீ. பக்கம். அதற்குப் பிறகு சட்டத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். இப்போதிருக்கும் இயந்திரத்தில் எது தளர்கிறது என்று அளந்து பாருங்கள். பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றை கட்டர் முனையில் மாட்டிப் பக்கவாட்டில் 10 கிலோ இழுங்கள். டயல் கேஜை (நுண்ணிய நகர்வைக் காட்டும் முள் கருவி) முதலில் கட்டர் முனையில் வைத்துப் படியுங்கள். அதே இழுப்பில் கேஜை இசட் தகட்டின் (கட்டரை மேலும் கீழும் நகர்த்தும் தகடு) அடிக்கு மாற்றுங்கள், பிறகு கேன்ட்ரி நடுவுக்கு, பிறகு பக்கத் தகட்டுக்கு. ஒவ்வொரு இடத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தப் பாகத்தின் குற்றம். கேன்ட்ரியைப் பாலம் மாதிரி கட்டிவிட்டு இசட்டை பழையபடியே தொங்கவிட்டால் ஒரு பயனும் இருக்காது. நான் பார்த்த வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலும் ஆட்டம் இசட்டில்தான்.

நீலத்தீப்பொறி:
ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஒரு நடைமுறைக் கேள்வி. 650 அகலம் என்றால் முழு ஷீட்டை முதலில் கைரம்பத்தில் பிளக்க வேண்டும். அந்த விளிம்பு நேராக இருக்காது. மொத்தத் துண்டுகளையும் ஒரே ஷீட்டில் அடுக்கும் வசதியும் போய்விடும்.

பழைய_லேத்:
விளிம்பு நேராக இருக்கத் தேவையில்லை. வழிகாட்டிப் பட்டை வைத்து 620-க்குப் பிளந்துவிட்டு, இறுதி விளிம்பை இயந்திரமே வெட்டட்டும். பட்டறையில் தினமும் ஷீட் ஷீட்டாக வெட்டுபவருக்கு நீங்கள் சொல்வதுதான் சரி, நான் மறுக்கவில்லை. அவருக்கு ஷீட்டை ஏற்றி இறக்குகிற நேரமே பெரிய செலவு.

ஆனால் 2440 மி.மீ. ஒய்யில் 16 மி.மீ. பால் ஸ்க்ரூ ஓடாது. அந்த நீளத்துக்கு 280 ஆர்பிஎம் சுற்றியே வரம்பு வருகிறது, 10 மி.மீ. லீட் போட்டாலும் நிமிடத்துக்கு மூன்று மீட்டர் எட்டாது. ரேக்-பினியன்தான் (பல் பட்டையில் ஓடும் பல் சக்கரம்) போட வேண்டும். மாட்யூல் 1 (பல்லின் அளவு), 20 பல் பினியன் ஒரு சுற்றில் ஏறக்குறைய 63 மி.மீ. ஓடிவிடும். மோட்டார் 1600 துடிப்புக்கு ஒரு சுற்று என்றால் ஒரு துடிப்புக்கு 0.04 மி.மீ. இது கரடுமுரடு. 3-க்கு 1 பெல்ட் குறைப்பு வைத்தால் 0.013-க்கு இறங்கும், தள்ளும் விசையும் மூன்று மடங்காகும். பினியனை ரேக்கோடு ஸ்பிரிங் வைத்து அழுத்தவும் வேண்டும், இல்லாவிட்டால் திரும்பும்போது ப்ளே (தளர்ச்சி) தெரியும். செய்யக்கூடியதுதான். ஆனால் இரண்டு பக்கமும் செய்ய வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

சுருள்சீவல்:
650 அகலத்துக்கு என் ஓட்டு. முன்பக்கமும் பின்பக்கமும் குறுக்குச் சட்டத்தை மேசை மட்டத்துக்குக் கீழே தாழ்த்திக் கட்டுங்கள். அப்போது நீளமான பலகையை உள்ளே விட்டு, பாதி வெட்டி, நகர்த்தி, மீதி வெட்டலாம். எப்போதாவது 2 மீட்டர் துண்டு வந்தாலும் சமாளிக்கலாம்.

நகர்த்தும்போது துல்லியம் வர, பலகையின் கழிவுப் பகுதியிலும் அடிப்பலகையிலும் இயந்திரத்தாலேயே துளை போட்டு 8 மி.மீ. பின் இறக்குங்கள். பின்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. 500 மி.மீ. இடைவெளியில் 0.1 பிசகினால் ஒரு மீட்டர் தள்ளி 0.2 பிசகு தெரியும்.

சுவரோரம் வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். நீளப்பக்கம் சுவரோடு இருக்கட்டும், பலகை நுழையும் இரண்டு முனையும் திறந்திருக்கட்டும்.

மின்கம்பி:
மின்சாரப் பக்கம் யாரும் தொடவில்லையே. இயந்திரம் பெரிதானால் இதுவும் மாற வேண்டும்.

நெமா 17 போதாது, நெமா 23-க்குப் போங்கள். ஆனால் மோட்டார் வாங்கும்போது நிற்கும்போதுள்ள முறுக்கு எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்டெப்பரின் முறுக்கு வேகம் கூடக் கூட இறங்கும். காயிலின் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) அதிகமானால் இன்னும் சீக்கிரம் இறங்கும். பழக்கத்தில் உள்ள ஒரு கணக்கு: இண்டக்டன்ஸை மில்லிஹென்றியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்கினால் அந்த மோட்டாருக்கு உகந்த உச்ச வோல்டேஜ் கிடைக்கும். 4 மில்லிஹென்றி என்றால் 64 வோல்ட். டிஎம்542 போன்ற டிரைவர் (மோட்டாருக்கு மின்சாரம் தரும் பெட்டி) 50 வோல்ட்டோடு நின்றுவிடும். ஆகவே 2 மில்லிஹென்றி சுற்றியுள்ள மோட்டாரை எடுத்து 36 முதல் 48 வோல்ட்டில் ஓட்டுங்கள். முறுக்கு எண் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் வேகத்தில் அதுதான் ஜெயிக்கும்.

ஊனோவில் ஜிஆர்பிஎல் விநாடிக்கு 30,000 துடிப்பு வரை தரும். 10 மி.மீ. லீட் ஸ்க்ரூவுக்கு அது தாராளம். பிரச்சினை வேகத்தில் இல்லை, ஒய்யில் இரண்டு மோட்டார் வருவதில் இருக்கிறது. ஈஎஸ்பி32 பலகையில் ஓடும் ஃப்ளூயிட்என்சி அல்லது கிர்பிள்ஹால் மென்பொருள் போட்டால் இரண்டு மோட்டாருக்கும் தனித்தனி ஹோமிங் ஸ்விட்ச் (தொடக்க இடத்தைக் காட்டுவது) வைக்கலாம்.

ஸ்பிண்டிலுக்கு விஎஃப்டி (சுற்று வேகத்தை மாற்றும் மின் கருவி) போட்டால் மோட்டார் கேபிள் கவசம் உள்ளதாக இருக்கட்டும், கவசத்தை எர்த்தில் சேருங்கள். லிமிட் ஸ்விட்ச் (பயண எல்லையில் நிறுத்துவது) வயரை அந்தக் கேபிள் பக்கத்தில் ஓட்டாதீர்கள். ஸ்விட்ச் எல்லாம் சாதாரண நிலையில் மூடிய வகையாக வையுங்கள், வயர் அறுந்தால் உடனே தெரிந்துவிடும். அவசர நிறுத்தப் பொத்தான் கைக்கு எட்டும் இரண்டு இடத்தில் வேண்டும். 30 கிலோ கேன்ட்ரி விரலை நசுக்கினால் பழைய இயந்திரம் மாதிரி நின்றுவிடாது, தள்ளிக்கொண்டே போகும்.

உளிமுனை:
ஐயா சொன்னபடி அளந்துவிட்டேன். 10 கிலோ இழுப்பில் கட்டர் முனை 0.6 மி.மீ. நகர்கிறது. இசட் தகட்டின் அடியில் 0.45. கேன்ட்ரி நடுவில் 0.2. பக்கத் தகட்டில் 0.05. மிகப்பெரிய பங்கு இசட்டுக்கும் கேன்ட்ரிக்கும் நடுவில். ராடைத் தடிமனாக்கி மட்டும் இருந்தால் முக்கால்வாசி ஆட்டம் அப்படியே இருந்திருக்கும் என்று புரிகிறது.

முடிவு: எக்ஸ் 650, ஒய் 1300. இரும்பு பாக்ஸ் ட்யூப் சட்டம், எச்ஜிஆர்20 ரெயில், ஒய்யில் இரு பக்கமும் 1610 பால் ஸ்க்ரூ (16 மி.மீ. தடிமன், 10 மி.மீ. லீட்), எக்ஸில் ஒன்று. முனைகள் திறந்தபடி. ஸ்பிண்டில் 1.5 கிலோவாட். இந்த ஒய் ஸ்க்ரூவுக்கு வேகம் போதுமா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். அப்புறம், வெல்டு செய்த சட்டத்தில் ரெயில் உட்காரும் இடத்தை எப்படி மட்டமாக்குவது? மில்லிங் வசதி எனக்கு இல்லை.

மில்லிமீட்டர்:
1500 மி.மீ. நீளத்துக்கு சுமார் 870 ஆர்பிஎம் வரம்பு. 10 மி.மீ. லீட் என்பதால் நிமிடத்துக்கு எட்டரை மீட்டருக்கு மேல். உங்களுக்கு வேண்டியது 3.6. தாராளம்.

இசட்டில் ரெயிலை விட அதன் மேல் ஓடும் பிளாக்குகளின் இடைவெளி முக்கியம். மேல் பிளாக்குக்கும் கீழ் பிளாக்குக்கும் எவ்வளவு தூரம் கொடுக்க முடியுமோ கொடுங்கள். ஸ்பிண்டிலைப் பிடிக்கும் கிளாம்ப் கீழ்ப் பிளாக்குக்கு நெருக்கமாக இருக்கட்டும்.

பழைய_லேத்:
அளந்தது நல்ல காரியம்.

ரெயில் இடத்துக்கு எபாக்ஸி ஊற்றுவது ஒரு வழி. ரெயில் வரும் இடத்தில் இரு பக்கமும் பட்டை ஒட்டித் தொட்டி மாதிரி ஆக்கி, மெதுவாக இறுகும் நீர்த்த எபாக்ஸியை ஊற்றினால் அது தானாகவே மட்டமாகும். இரண்டு தொட்டியையும் ஒரு குறுக்கு வாய்க்காலால் இணைத்துவிட்டால் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும். ஊற்றும்போது சட்டம் அதன் நிரந்தர இடத்தில் நிற்க வேண்டும், முழுதாக இறுகும் வரை யாரும் தொடக்கூடாது. விளிம்பில் எபாக்ஸி கொஞ்சம் ஏறி நிற்கும், அதனால் தொட்டியை ரெயிலை விட அகலமாக வையுங்கள். வெல்டிங்கை முழுதாக முடித்து, சட்டம் ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகு ஒரு சின்னப் புள்ளி வெல்டு வைத்தாலும் இரும்பு இழுத்துவிடும்.

முதல் ரெயிலை நேர்விளிம்பு வைத்து நேராக்கி இறுக்குங்கள். இரண்டாவது ரெயிலைத் தனியாக நேராக்க முயலாதீர்கள். போல்ட்டைத் தளர்வாக விட்டு, கேன்ட்ரியை முனையிலிருந்து முனைக்குத் தள்ளிக்கொண்டே, அது நிற்கும் இடத்துக்கு அருகில் உள்ள போல்ட்டை மட்டும் இறுக்கிக்கொண்டு போங்கள். எங்காவது இறுக்கமாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திப் பாருங்கள்.

இன்னொன்று முக்கியம். பழைய இயந்திரத்தைப் பிரிக்க வேண்டாம். புதியதின் மோட்டார் தகடு, பேரிங் பிடிகளுக்கான டெம்ப்ளேட், துளை அடையாளம் எல்லாம் அதிலேயே வெட்டுங்கள். சின்ன அலுமினியத் தகட்டை ஒரு பாஸுக்குக் கால் மி.மீ. ஆழத்தில் பொறுமையாக எடுத்தால் அதுவே செய்து கொடுத்துவிடும். புதியது ஓடி, சதுரம் பார்த்து முடிக்கும் வரை உதவும்.

உளிமுனை:
மிக்க நன்றி ஐயா. பழையதை வைத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: இரண்டு ஒய் மோட்டாரும் சதுரமாக நிற்கின்றனவா என்று எப்படிப் பார்ப்பது? மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் போதுமா?

மின்கம்பி:
மூலைமட்டம் குட்டை, இந்த நீளத்துக்குப் போதாது. அடிப்பலகையில் நான்கு மூலையிலும் ஒரே பிட்டால் துளை போடுங்கள், 600 × 1200 செவ்வகமாக. இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் 1341.6 மி.மீ. வர வேண்டும். டேப் கொக்கியை நம்பாமல், துளைகளில் பின் இறக்கிப் பின்னின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து, ஒரு பின் விட்டத்தைக் கழியுங்கள். ஒன்று நீளமாக இருந்தால் ஒரு பக்க ஹோமிங் ஸ்விட்சை அதற்கேற்ப நகர்த்தி, மறுபடி ஹோம் செய்து, வேறு இடத்தில் புதிதாக நான்கு துளை. இரண்டும் ஒத்துவரும் வரை இதையே செய்யுங்கள். பிறகு ஸ்விட்சை லாக்நட் போட்டு இறுக்கிவிடுங்கள்.